வசூல் யார் பேரில், அறை யாருக்கு? டார்ட்மத் கல்லூரியில் பூர்வகுடி ஓவியர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

1973இல் ஃபிரிட்ஸ் ஷோல்டர் என்ற ஓவியர் டார்ட்மத் கல்லூரிக்கு வந்து தங்கினார். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கனெக்டிகட் ஆற்றங்கரையில் ஹானோவர் என்று ஒரு சிற்றூர். ஊரே கல்லூரிதான் என்று சொல்லிவிடலாம். அழைத்தது கல்லூரி, செலவும் கல்லூரியுடையது. ஷோல்டரின் அப்பாவைப் பெற்ற பாட்டி கலிபோர்னியாவின் லூயிசென்யோ பூர்வகுடியைச் சேர்ந்தவர். ஷோல்டர் வந்த நேரத்தில் கல்லூரியின் விளையாட்டு அணிகளை ‘இந்தியன்கள்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாணவர்கள் சாப்பிடும் தேயர் கூடத்தின் அடித்தளத்தில் ஒரு பெரிய சுவரோவியம் இருந்தது. ரம் கொண்டுவரும் பாதிரியார், அவரைச் சுற்றிப் பூர்வகுடி ஆண்கள், அரைகுறை ஆடையில் பூர்வகுடிப் பெண்கள். பூர்வகுடி வம்சத்து ஓவியரைக் காசு கொடுத்து வரவழைத்த கல்லூரிதான் அந்தப் படத்தையும் சுவரில் வைத்திருந்தது.

கலைஞர் ஒருவரை வரவழைத்து, தங்க இடமும் வேலை செய்யக் கூடமும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து, “கொஞ்ச காலம் இங்கேயே இருந்து உங்கள் வேலையைப் பாருங்கள்” என்று சொல்லும் ஏற்பாட்டை நம் ஊர்க் கலைஞர்களும் ரெசிடென்சி என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் நெடுங்காலம் ‘செவ்விந்தியர்’ என்று எழுதிவந்தோம். கொலம்பஸின் தவறும் ஐரோப்பியக் கண் பார்த்த தோல் நிறமும் சேர்ந்து பிறந்த சொல் அது. இந்தக் கட்டுரையில் பூர்வகுடி என்றே வரும். ‘இந்தியன்’ என்று வரும் இடங்களில் அது அந்தக் காலத்தார் வாயிலிருந்து வந்த சொல்.

டார்ட்மத் ரெசிடென்சியைப் புரிந்துகொள்ள 1973இல் தொடங்கினால் கணக்கு சரிவராது. பணத்தின் வழியே போனால் 1766க்குப் போக வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டாயிரம் பவுண்டு

சாம்சன் ஆக்கம் 1723இல் இன்றைய கனெக்டிகட் மாநிலத்தில் மொஹீகன் குடியில் பிறந்தவர். (பெயரின் உச்சரிப்பு கிட்டத்தட்ட அப்படித்தான். தமிழில் எழுதும்போது படைப்பு, செல்வம் என்று இரண்டு பொருளும் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவர் கதைக்கு இரண்டும் பொருந்துவது தற்செயல்.) இருபது வயதில் எலியாசர் வீலாக் என்ற பாதிரியாரிடம் படிக்கப் போனார். ஆங்கிலத்தோடு லத்தீன், கிரேக்கம், ஹீப்ரு என்று படித்தார். பிறகு லாங் ஐலண்டில் மான்டாக் மக்களுக்கு ஆசிரியராகவும் போதகராகவும் பல ஆண்டுகள் இருந்தார்.

அங்கே கிடைத்த சம்பளத்தைப் பற்றி 1768இல் அவரே எழுதி வைத்திருக்கிறார். 12 ஆண்டு உழைப்புக்குத் தனக்கு மொத்தம் 180 பவுண்டு கொடுத்தவர்கள், இன்னொரு ஊழியத்துக்கு ஒரே ஆண்டில் அதே 180 பவுண்டைக் கொடுத்தார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். குடும்பம் பெரியது, வருமானம் பற்றாது. மரக்கரண்டியும் அகப்பையும் செதுக்கினார், வாளி செய்தார், பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டிக் கொடுத்தார். கைத்தொழில் தெரிந்த ஒரு பூர்வகுடி மனிதரின் மரவேலை அன்று வயிற்றுப்பாட்டுக் கணக்கில்தான் எழுதப்பட்டது. இருநூறு ஆண்டு கழித்து வேறு கணக்கில் ஏறும்.

வீலாக் நடத்திய பள்ளி, பூர்வகுடிப் பிள்ளைகளைப் படிக்கவைத்துப் போதகர்களாக்கும் தருமப் பள்ளி. அதற்கு நிதி திரட்ட ஆக்கத்தையும் நத்தானியேல் விட்டேக்கர் என்ற வெள்ளைக்காரப் போதகரையும் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். 1766இலிருந்து 1768 வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர் ஊராகப் போய் ஆக்கம் முந்நூறுக்கும் மேற்பட்ட பிரசங்கங்கள் செய்தார். பூர்வகுடிப் போதகரைப் பார்க்கவே கூட்டம் கூடியது. அரசர் மூன்றாம் ஜார்ஜ் 200 பவுண்டு கொடுத்தார். மொத்த வசூல் ஏறக்குறைய 12,000 பவுண்டு. அந்தக் காலத்துக்கு மிகப் பெரிய தொகை. நிதியைக் கவனித்த அறங்காவலர் குழுவின் தலைவர் டார்ட்மத் பிரபு. கல்லூரியின் பெயர் அவருடையது, பிரசங்கம் செய்தவருடையது அல்ல.

ஓவிய வரலாற்றுக்கு ஒரு சிறு துணுக்கு இங்கே கிடைக்கிறது. அந்தப் பயணத்தில் மேசன் சேம்பர்லின் என்ற ஓவியர் ஆக்கத்தை வரைந்தார். அதைப் பார்த்து ஜோனத்தன் ஸ்பில்ஸ்பரி செதுக்கிய அச்சுப்படம் 1768இல் வெளியானது. போதகர் உடையில் ஆக்கம், முன்னால் பைபிள், பின்சுவரில் வில்லும் அம்பும். டார்ட்மத் கதையில் பூர்வகுடி மனிதர் முதலில் நுழைவது படம் வரைபவராக இல்லை, படத்துக்குள் இருப்பவராக. நன்கொடை திரட்டும் படத்துக்கு என்னென்ன வேண்டும் என்று அன்றே நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஊர் திரும்பிய ஆக்கம் பார்த்தது, வறுமையில் கிடந்த தன் குடும்பத்தை. பார்த்துக்கொள்வதாக வீலாக் வாக்குக் கொடுத்திருந்தார். அப்புறம் இன்னொன்றும் நடந்தது. வீலாக் வடக்கே போய்க் கல்லூரி தொடங்க முடிவெடுத்தார். 1769 டிசம்பர் 13ஆம் தேதி கிடைத்த சாசனத்தில், இந்நாட்டு இந்தியக் குடிகளின் இளைஞர்களுக்காக என்று முதலில் வருகிறது. ஆங்கிலேய இளைஞர்களும் பிறரும் அதற்குப் பின்னால் வருகிறார்கள். வரைவில் இந்த வரிசை மாறியிருந்தது. நன்கொடையாளர்கள் என்ன நினைப்பார்களோ என்று வீலாக் அதைத் திருத்தி பூர்வகுடிகளை முன்னுக்குக் கொண்டுவந்தார். காகிதத்தில் முன்னுக்கு வந்தவர்கள் வகுப்பறையில் வரவில்லை. பணம் சில ஆண்டுகளில் கரைந்துபோனது.

1771 ஜூலையில் ஆக்கம் வீலாக்குக்கு எழுதிய கடிதம் இன்றும் படிக்கச் சுடுகிறது. படித்த இடத்தை லத்தீனில் ‘ஆல்மா மாட்டர்’, அதாவது பாலூட்டும் தாய் என்பார்கள். உங்கள் கல்லூரி ‘ஆல்மா’வாக இருப்பதை விட்டு ‘ஆல்பா’வாகி, வெள்ளைத் தாயாகிவிடும், பழுப்பு நிறப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்காது என்று அஞ்சுகிறேன் என்பது அதன் சாரம். தனக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவரை லத்தீனிலேயே மடக்கியிருக்கிறார். ஒரே எழுத்து மாற்றம். அந்தக் கல்லூரிக்கு அவர் போகவே இல்லை.

அவர் அஞ்சியதுதான் நடந்தது. முதல் 200 ஆண்டுகளில் டார்ட்மத்தில் பட்டம் பெற்ற பூர்வகுடியினர் 19 பேர் என்பது கல்லூரியே ஒப்புக்கொள்ளும் எண்ணிக்கை. பத்தாண்டுக்கு ஒருவர்கூட இல்லை.

சுவரில் நடந்த சண்டை

டார்ட்மத்தில் ஓவியர் ரெசிடென்சி 1931இல் தொடங்கியது. முதலில் வந்தவர் கார்லோஸ் சாஞ்செஸ், குவாத்தமாலா ஓவியர், அந்தக் கல்லூரியிலேயே படித்தவர். அவருக்கு அடுத்து வந்தவர் ஹோசே கிளெமென்டே ஒரோஸ்கோ. மெக்சிகோவின் சுவரோவியப் பெருந்தலைகளில் ஒருவர். இளம் வயதில் வெடிமருந்து விபத்தில் இடதுகையை இழந்தவர். 1932இலிருந்து 1934 வரை பேக்கர் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஈரச் சுண்ணச் சுவரில் 24 பகுதிகளாக அமெரிக்கக் கண்டத்தின் கதையை வரைந்தார். ராக்கஃபெல்லர் குடும்பத்தின் நிதி அதற்கு உதவியது.

ஒரோஸ்கோ பூர்வகுடி அல்ல. ஆனால் அமெரிக்காவின் கதை பில்கிரிம்கள் என்ற ஆங்கிலேயக் குடியேறிகள் கப்பலிலிருந்து இறங்கிய நாளில் தொடங்கவில்லை என்பதை அந்தச் சுவர் அழுத்திச் சொல்கிறது. கதை பூர்வகுடிகளின் இடப்பெயர்வில் தொடங்குகிறது. மெக்சிகோப் பூர்வகுடிகளின் கெட்சல்கோவாட்டல் தெய்வம் வருகிறது, நரபலி வருகிறது, மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்ட்டெஸ் வருகிறான். பிற்பகுதியில் ஒரு காட்சி: பட்டமளிப்பு அங்கி போட்ட எலும்புக்கூடுகள் வரிசையாக நிற்க, ஓர் எலும்புக்கூடு பிரசவிக்கிறது. பிறப்பதும் எலும்புக்கூடு. கல்லூரிச் சம்பளத்தில், கல்லூரிச் சுவரில், கல்லூரிப் படிப்பைப் பற்றி! முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள். கல்லூரித் தலைவர் எர்னஸ்ட் ஹாப்கின்ஸ் அசையவில்லை. படம் இன்றும் இருக்கிறது, 2013இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ரெசிடென்சி என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் இந்தச் சுவரைத்தான் காட்டுவேன். சோறு போட்டவனைப் பார்த்துச் சிரிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது ரெசிடென்சி. இல்லாவிட்டால் கூலிக்கு வரையும் விளம்பரப் படம்.

கொதித்தவர்களில் ஒருவர் வால்டர் பீச் ஹம்ஃப்ரி, 1914ஆம் ஆண்டு வகுப்பு, பத்திரிகை ஓவியர். ஒரோஸ்கோவுக்குப் பதிலாக, ‘நம்ம’ கல்லூரிக்கு ஏற்ற படம் ஒன்றைத் தான் வரைகிறேன் என்று முன்வந்தார். 1930களின் இறுதியில் தேயர் கூடத்தில் அவர் வரைந்ததுதான் நாம் தொடக்கத்தில் பார்த்த சுவரோவியம். ரிச்சர்ட் ஹவி எழுதிய பழைய குடிப்பாட்டு ஒன்று உண்டு. வீலாக் பைபிளோடும் ஐந்நூறு காலன் ரம்மோடும் காட்டுக்குள் போய்க் கல்லூரி கட்டினார் என்று கேலியாகப் போகும். ஹம்ஃப்ரி அதைப் படமாக்கினார். ஒரு பூர்வகுடிப் பெண் புத்தகம் வாசிக்கிறாள், புத்தகம் தலைகீழாக இருக்கிறது. ஹீப்ரு வரை படித்த ஆக்கத்தின் வசூலில் எழுந்த கல்லூரியின் சாப்பாட்டறையில் இந்தப் படம்.

சான்டா ஃபேயிலிருந்து வந்த நூல்

1970இல் ஜான் கெமெனி தலைவரானார். ஹங்கேரியில் பிறந்த யூதர், கணிதப் பேராசிரியர், பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். பதவியேற்றதுமே சாசனத்தின் முதல் வாக்கை இனியாவது நிறைவேற்றுவோம் என்றார். பூர்வகுடி மாணவர்களைத் தேடிச் சேர்த்தார்கள். 1972இல் பூர்வகுடி ஆய்வுகளுக்கு ஒரு துறை வந்தது. வந்த மாணவர்கள் முதலில் கேட்டது, ‘இந்தியன்’ சின்னத்தை எடுங்கள் என்பதைத்தான். 1974இல் அறங்காவலர்கள் அதைக் கைவிடச் சொன்னார்கள். பழைய மாணவர்கள் சிலர் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் முனகிக்கொண்டிருந்தார்கள். அது எந்த ஊரிலும் நடப்பதுதான்.

இந்தச் சூழலில்தான் 1973இல் ஷோல்டர், 1975இல் டி.சி. கேனன், 1979இல் ஆலன் ஹவுசர் என்று மூன்று பேர் வந்தார்கள். பிற்பாடு ஹவுசரின் மகன் பாப் ஹாவோசஸும் வந்தார். 1960களில் ஃபிராங்க் ஸ்டெல்லா, டொனால்ட் ஜட் போன்ற நியூயார்க் பெயர்கள் வந்து தங்கிய அதே திட்டம்தான் இது. பூர்வகுடியினருக்கென்று தனி வரிசை கிடையாது. இது நல்லதா கெட்டதா என்று வாதிடலாம். எனக்கு நல்லதாகத்தான் படுகிறது. ‘இந்தியக் கலை’ என்று அருங்காட்சியகத்தின் மானுடவியல் அறைக்குள் தள்ளிவிடாமல், ஓவியர் என்ற பெயரிலேயே உள்ளே விட்டார்கள்.

ஆனால் நால்வரின் வரலாற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படுகிறது. எல்லாரும் ஒரே நூலில் கோத்த மணிகள். அந்த நூலின் முனை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தள்ளி, நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில் இருக்கிறது.

1962இல் அங்கே அமெரிக்க இந்தியக் கலைகளுக்கான கல்விக்கூடம் தொடங்கியது. பணம் கூட்டரசின் இந்திய விவகாரத் துறையுடையது. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த விடுதிப்பள்ளிகளை நடத்திய அதே துறை. அதன் கலை இயக்குநராக வந்த செரோக்கி வடிவமைப்பாளர் லாயிட் கீவா நியூ, ‘பாரம்பரியம் இதுதான், இப்படித்தான் வரைய வேண்டும்’ என்ற பழைய பாடத்தை ஓரம் வைத்தார். அதே சான்டா ஃபேயில் 1932இலிருந்து டோரதி டன் நடத்திய ஓவிய வகுப்பில் தட்டையான உருவம், தெளிவான கோடு, சடங்கு, வேட்டை என்று ஓர் அச்சு இருந்தது. ஹவுசர் அந்த வகுப்பில் படித்தவர், அச்சு அவருக்கு இறுக்கமாக இருந்தது. பிறகு அவரே 1962இலிருந்து 1975 வரை புதிய கல்விக்கூடத்தில் சிற்பம் கற்பித்தார். ஷோல்டர் 1964இலிருந்து 1969 வரை ஓவியம் கற்பித்தார். கேனன் அவரிடம் படித்த மாணவர்.

இதற்கும் முன்னால் இன்னொரு கண்ணி உண்டு. 1960, 61, 62 கோடைகளில் டூசானில் உள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளம் பூர்வகுடிக் கலைஞர்களுக்கு ஒரு பட்டறை நடந்தது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் நல்கை. ஷோல்டர் அதில் கலந்துகொண்டவர். நாம் பேசும் பொருளுக்கு, அதாவது கல்லூரி வளாகத்தில் பூர்வகுடி ஓவியர்களுக்கு நிதியோடு நடந்த ஏற்பாட்டுக்கு, டார்ட்மத்தைவிட அந்தக் கோடைகள்தான் நேரான முன்னோடி. அங்கே கற்பித்தவர்களில் லாயிட் நியூவும் ஹோப்பி குயவரும் நகைக் கலைஞருமான சார்லஸ் லோலோமாவும் இருந்தார்கள். பூர்வகுடிக் கலைஞர் பூர்வகுடிக் கலைஞருக்குக் கற்றுக்கொடுத்த இடம் அது. பத்தாண்டு கழித்து டார்ட்மத் அறுவடை செய்தது அங்கே விதைத்ததைத்தான்.

பீர் டின், பிரம்பு நாற்காலி, கல்

ஷோல்டர் நெடுநாள் ‘இந்தியனை வரையவே மாட்டேன்’ என்று சொல்லிவந்தவர். அந்த அளவுக்குச் சுற்றுலாக் கடைகளில் அந்த உருவம் புளித்துப்போயிருந்தது. மாணவர்கள் அதையே திரும்பத் திரும்ப வரைவதைப் பார்த்து, 1967இல் சபதத்தை முறித்தார். வரைந்தது கழுகிறகும் அந்தி வானமும் சேர்ந்த ‘மறையும் இனம்’ இல்லை. 1969இல் வரைந்த ‘பீர் டின்னுடன் இந்தியன்’ படத்தில் தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் போட்ட ஓர் ஆள் மதுக்கடை மேசையில் உட்கார்ந்திருக்கிறான். முன்னால் ஒரு டின். திறந்த வாயில் பற்கள் விலங்கின் பற்கள் மாதிரி. பூர்வகுடியினர் பலருக்கே அந்தப் படம் பிடிக்கவில்லை, எங்களை ஏன் இப்படிக் காட்டுகிறாய் என்றார்கள்.

இப்போது தேயர் கூடத்துச் சுவரை நினைத்துப் பாருங்கள். அங்கும் சாராயம், இங்கும் சாராயம். ஹம்ஃப்ரியின் படத்தில் அது நகைச்சுவை. பார்ப்பவன் தட்டில் சோற்றோடு சிரித்துக்கொண்டே சாப்பிடலாம். ஷோல்டரின் ஆளைப் பார்த்து யாராலும் சிரிக்க முடியாது. அந்தக் கருப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவன்தான் நம்மைப் பார்க்கிறான். சுவரோவியத்தை வைத்திருந்த கல்லூரி, அதற்கு மறுப்பை ஏற்கெனவே வரைந்து முடித்திருந்த மனிதரை வரவழைத்தது. தெரிந்தே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. அங்கே இருந்த காலத்தில் அவர் டார்ட்மத்தின் பெயரிலேயே உருவப்பட வரிசை ஒன்றை வரைந்தார்.

1972இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கலைக்கூடத்தில் ஷோல்டரும் கேனனும் சேர்ந்து காட்சி வைத்திருந்தார்கள். ஆசிரியரும் மாணவரும் சமமாக. கேனன் கயோவா, கேடோ குடிகளின் பிள்ளை, ஓக்லஹோமாக்காரர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர், பாட்டும் கட்டியவர். அவருடைய புகழ்பெற்ற படம் ஒன்றில் ஓசேஜ் பூர்வகுடிக் கனவான் ஒருவர் முழு அலங்காரத்தோடு பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். பின்சுவரில் வான்கோவின் கோதுமை வயல். வெள்ளைக்காரச் சேகரிப்பாளர் வரவேற்பறையில் இந்தியப் பானையை வைப்பதில்லையா, அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். ஆக்கத்தின் அச்சுப்படத்துப் பின்சுவரில் மாட்டிய வில்லம்புக்கு இருநூறு ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் என்று எனக்குத் தோன்றும். 1978 மே மாதம் சான்டா ஃபேயில் கார் விபத்தில் கேனன் இறந்தார், வயது 31.

ஹவுசர் வந்தபோது அறுபதைத் தாண்டியவர். சிரிகாவா அப்பாச்சி. அப்பாச்சிப் போர்த்தலைவர் ஜெரோனிமோவோடு 1886இல் சரணடைந்த அந்த மக்களை அமெரிக்க அரசு 27 ஆண்டுகள் போர்க்கைதிகளாக வைத்திருந்தது. விடுதலைக்குப் பின் 1914இல் பிறந்தவர் ஹவுசர். கல்லிலும் வெண்கலத்திலும் அவர் செய்த தாய்மார்களிடமும் கூத்தாடிகளிடமும் கோபம் தென்படாது, ஒரு நிதானம்தான் தெரியும். 1992இல் நாட்டின் கலைப் பதக்கம் பெற்றார். பள்ளியில் சுலபமாக இருக்கட்டும் என்று ‘ஹாவோசஸ்’ என்ற குடும்பப் பெயர் ‘ஹவுசர்’ ஆனது. மகன் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார். அப்பா ஒரு பெயரிலும் மகன் இன்னொரு பெயரிலும் ஒரே கல்லூரிக்கு வந்து போயிருக்கிறார்கள்.

கணக்கு எங்கே இடிக்கிறது

இந்த ரெசிடென்சியால் ஓவியர்களுக்கு நன்மை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பருவம் வீட்டு வாடகைக் கவலையில்லாமல் வேலை செய்வது எந்தக் கலைஞனுக்கும் பெரிய விஷயம். கரண்டி செதுக்கிக் குடும்பம் நடத்திய ஆக்கத்தைக் கேட்டால் சொல்வார். அவர்களின் படைப்புகள் கல்லூரியின் ஹூட் அருங்காட்சியகத்துக்கும் வந்து சேர்ந்தன. குறை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது.

டார்ட்மத்தின் பருவம் பத்து வாரம். பத்து வாரத்தில் ஒருவர் விருந்தாளியாகத்தான் இருக்க முடியும். யாரை அழைப்பது, எந்தச் சுவர் இருக்கட்டும், எந்தச் சுவரை மூடுவது என்ற முடிவுகளில் விருந்தாளிக்கு வேலையில்லை. ஹம்ஃப்ரியின் படத்தைப் பிற்பாடு பலகை போட்டு மூடினார்கள். அப்புறமும் அது மூடுவதும் திறப்பதுமாக இழுபட்டது. சுவரிலிருந்து கழற்றி வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக முடிவெடுத்தது 2018இல்தான். ஷோல்டர் வந்துபோய் 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான்கு பேருமே ஆண்கள். ஓவியம், சிற்பம் என்ற ஐரோப்பியப் பட்டியலுக்குள் வேலை செய்தவர்கள். பூர்வகுடிக் கலையின் பெரும்பகுதியோ கூடை, பானை, நெசவு, மணிவேலை. அவற்றைப் பெரும்பாலும் செய்தவர்கள் பெண்கள். ‘காட்சிக் கலைஞர்’ என்ற சொல்லைப் போட்டதுமே வடிகட்டி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. விண்ணப்பப் படிவத்தில் யாரும் ‘பெண்கள் வேண்டாம்’ என்று எழுதத் தேவையில்லை.

மூன்றாவது குறைதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ஹானோவர் இருக்கும் மண் அபெனாக்கி மக்களுடையது. ஆஷ் மரத்தை அடித்துப் பிளந்த சீவல்களில் அவர்கள் பின்னும் கூடைகள் அந்தப் பகுதியில் பெயர்பெற்றவை. 19ஆம் நூற்றாண்டில் மலைவாசஸ்தலங்களுக்கு வந்த பயணிகளிடம் அவற்றை விற்றுத்தான் பல குடும்பங்கள் பிழைத்தன. நால்வரில் அபெனாக்கி ஒருவரும் இல்லை. கல்லூரிக்குப் பூர்வகுடி ஓவியர் வேண்டியிருந்தபோது கண் சான்டா ஃபேக்குப் போனது, ஏனென்றால் ஸ்மித்சோனியனின் வெளிச்சம் அங்கேதான் விழுந்திருந்தது. புகழ் வந்த பின் கொடுக்கும் நல்கை பாதுகாப்பான நல்கை. டூசான் பட்டறை அப்படி இல்லை. பெயர் தெரியாத பிள்ளைகள்மேல் பணத்தைக் கட்டியது.

இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டுக்கு உதாரணம் நாட்டின் மறுகோடியில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் எவர்கிரீன் ஸ்டேட் காலேஜ் என்ற அரசுக் கல்லூரி. அங்கே ஆசிரியராக இருந்த லம்மி குடிப் பெண்மணி மேரி எல்லன் ஹில்லேர் 1970களிலேயே ஒன்றைக் கேட்டார்: பூர்வகுடி மாணவர்கள் தங்கள் முறைப்படி படிக்கவும் கூடவும் விருந்து வைக்கவும் வளாகத்தில் ஒரு நீள்வீடு வேண்டும். நீள்வீடு என்பது அந்தக் கடலோர மக்கள் தேவதாரு மரத்தில் கட்டும் பொதுவீடு. அவர் காலத்தில் அது எழவில்லை. 1995இல் பூர்வகுடி வம்சத்துக் கட்டடக் கலைஞர் ஜான்பால் ஜோன்ஸின் வடிவமைப்பில் திறந்தார்கள், ‘வரவேற்பு வீடு’ என்று பெயர். அரசுக் கல்லூரி வளாகத்தில் இப்படி ஒரு வீடு அமெரிக்காவில் அதுதான் முதல்.

முதலில் வீடு, அப்புறம்தான் ரெசிடென்சி. ஃபோர்டு அறக்கட்டளை போன்ற இடங்களிலிருந்து வந்த பணத்தை நிர்வகித்தது பூர்வகுடியினர் தலைமையில் இயங்கிய அந்த வீடு. கலைஞர்களுக்கு நல்கை, மூத்தவரிடம் இளையவர் தங்கிக் கற்கும் ஏற்பாடு, கைவினையை விற்றுப் பிழைக்க உதவும் சந்தை என்று விரிந்தது. 2010களில் மரச்செதுக்கலுக்கு ஒரு கூடம், நாரும் கம்பளியும் நெய்ய ஒரு கூடம் என்று தனித்தனியாகக் கட்டினார்கள். கூடை பின்னுபவர் அங்கே ‘காட்சிக் கலைஞரா இல்லையா’ என்று யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. நியூசிலாந்தின் மவோரி கலைஞர்கள் வந்தால் ஒரு பூர்வகுடியின் வீட்டுக்கு இன்னொரு பூர்வகுடி வருவதாகிறது. அழைப்பவர் யார் என்பது மாறியதும் விருந்தின் தன்மையே மாறிவிட்டது. ஷோல்டர், ஹவுசர் அளவுக்கு உலகப் பெயர்கள் அங்கிருந்து வந்தனவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வீடு அதற்காகக் கட்டப்படவில்லை.

டார்ட்மத்தும் மெதுவாக அந்தத் திசையில் நகர்ந்தது. 1970க்குப் பிறகு அங்கே படித்த பூர்வகுடி மாணவர்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். 2018இல் ஹூட் அருங்காட்சியகம் பூர்வகுடிக் கலைக்கென்று முதல் காப்பாளராக ஓசேஜ் குடியைச் சேர்ந்த ஜேமி பவலை நியமித்தது. பிறகு அங்கே நடந்த பெரிய காட்சிகளில் ஒன்று, சமகாலப் பூர்வகுடிக் கலைஞர்களின் மண்பாண்டக் கலை. எதைக் கலை என்பது, யாரை அழைப்பது என்ற மேசையில் பூர்வகுடி ஒருவருக்கு நிரந்தர நாற்காலி கிடைத்ததும் சுடுமண் உள்ளே வந்துவிட்டது. பழைய பாக்கிகளும் வெளியே வந்தன. 2023இல், மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் எலும்புச் சேகரிப்பில் பூர்வகுடியினர் 15 பேரின் எச்சங்கள் இருப்பதைக் கல்லூரியே அறிவித்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 ஏப்ரல் 27ஆம் தேதி, அப்போதைய தலைவர் ஃபிலிப் ஹேன்லன் கனெக்டிகட்டில் மொஹீகன் மக்களிடம் போய் ஆக்கத்தின் தாள்களை ஒப்படைத்தார். கடிதங்கள், நாட்குறிப்புகள், பிரசங்கங்கள், எந்த வேர் எந்த நோய்க்கு என்று அவர் தன் கையால் எழுதிவைத்த மூலிகைக் குறிப்புகள். அவற்றை வருடக்கணக்கில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, எழுத்துப் பெயர்த்து, யாரும் வாசிக்கும்படி ஏற்கெனவே கணினியில் ஏற்றியிருந்தார்கள். மூலத்தாள்கள் மொஹீகன் மண்ணுக்குப் போய்விட்டன. கல்லூரியிடம் இப்போது படிகள் இருக்கின்றன.